கடிகாரத்துக்கு ஒரு பல்குச்சி

நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நகரியத்திலேயே வளர்பவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். ஒவ்வொரு வாளியின் வாயிலும் எஃகுப் பற்கள். சக்கரம் சுழலச் சுழல, பற்கள் மண்ணைக் கடித்து வாளிக்குள் தள்ளுகின்றன. 1957-ஆம் ஆண்டில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். நிலக்கரி முகம் காட்டியது 1961-இல்தான். அதற்கு மேலே படிந்து கிடந்ததில் பெரும்பகுதி, நிலவியலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டிருக்கும் பாறை. ஜெர்மனியிலிருந்து வரவழைத்த இயந்திரங்களின் எஃகுப் பற்களை அந்த மணற்கல் வெகு சீக்கிரம் தேய்த்துத் தள்ளியது.

அத்தனை பெரிய எஃகுப் பல்லுக்கே இந்தப் பாடு என்றால், தலைமயிர் பருமனுள்ள ஓர் எஃகு முனை அதே மணலிடம் அகப்பட்டால் என்ன ஆகும்? அப்படிப்பட்ட முனை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். தாத்தா கட்டியிருந்த சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தைத்தான் சொல்கிறேன்.

மூன்று ஷிப்ட்டுகளிலும் வேலை நடக்கும் ஊரில் கைக்கடிகாரம் அலங்காரப் பொருள் அல்ல. ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கியது. அதன்பின் எச்.எம்.டி. ஜனதா போன்ற கடிகாரங்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கைகளில் ஏறின. அந்தக் கடிகாரப் பிரிவை மூடிவிட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆகவே தாத்தாவின் ஜனதாவில் ஒரு முனை முறிந்தால், அதே பாகத்தைத் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரவழைக்க முடியாது. எங்காவது பழைய இருப்பில் தேடவேண்டும். இல்லையேல் உயிர்விட்ட இன்னொரு கடிகாரத்திலிருந்து எடுக்கவேண்டும். துடைக்கிறேன் பேர்வழி என்று குண்டூசியால் குத்துவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் இதயம் சமன்சக்கரம். கடைக்காரர்கள் இதை பேலன்ஸ் வீல் என்பார்கள். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருக்கும். ஜனதாவில் அந்தச் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. அதாவது நொடிக்கு 5. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 4,32,000 துடிப்புகள். ஓர் ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம். இவ்வளவு ஆட்டத்தையும் தாங்கும் அச்சின் முனை, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது.

நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்தும் கடிகாரத்தை 'ஓட்டைக் கடிகாரம்' என்று ஏசுகிறோம். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். அவற்றில் ஒன்றைத்தான் அது தவறவிடுகிறது. உங்கள் தேர்வில் 1,440 மதிப்பெண்ணுக்கு 1,439 வாங்கியவரை யாராவது ஏசுவார்களா? இந்த ஒரு நிமிடத்தைக் கெடுக்க ஒரு துகள் தூசி, அல்லது பிசினாக இறுகிய ஒரு துளி எண்ணெய் போதும்.

தூசிக்கு நெய்வேலிப் பக்கம் பஞ்சமில்லை. கோடைக் காற்றில் முந்திரித் தோப்புகளின் செம்மண் பறக்கும். அதிலுள்ள மணல் துகள்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதில் குவார்ட்ஸ் 7. கடிகார அச்சின் பதமிட்ட எஃகு சுமார் 6½. பித்தளை 3. உங்கள் விரல் நகம் 2½. வரிசையில் மேலே உள்ளது கீழே உள்ளதைக் கீறும். மணற்கல் வாளிப் பற்களைத் தேய்த்த மர்மம் இப்போது விளங்குகிறது அல்லவா?

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எஃகு முனை பித்தளைத் துளையில் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். நடுவில் மணல் துகள் ஒன்று புகுந்தால் எது அதிகம் தேயும்? மெத்தென்ற பித்தளைதான் என்று தோன்றும். நடப்பது அதுவல்ல. துகள் மெதுவான பித்தளையில் புதைந்து அசையாமல் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு சுழலும் எஃகை அது கடைசல் இயந்திரத்தின் உளிபோல அறுக்கிறது. மெத்தானது துகளைப் பிடித்துக்கொடுக்கிறது; கடினமானது அறுபடுகிறது. வைரத் தூளைச் செம்புத் தகட்டில் பதித்துக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதும் இதே தந்திரந்தான்.

இதற்கு மாற்று கண்டவர் நிக்கோலா ஃபாத்தியோ. நியூட்டனின் நண்பரான இந்தச் சுவிஸ் கணித அறிஞர், கூட்டாளிகள் இருவருடன் சேர்ந்து, துளையிட்ட மாணிக்கக் கற்களைக் கடிகாரத் தாங்கிகளாகப் பயன்படுத்த 1704-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். மாணிக்கத்தின் கடினம் 9. அதில் மணல் புதையாது. 1902-இல் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலார் உலைச்சுடரில் செயற்கை மாணிக்கம் விளைவிக்கும் முறையை வெளியிட்ட பிறகு, சாதாரணக் கடிகாரத்துக்கும் கற்கள் மலிவாகக் கிடைத்தன. ஜனதாவின் முகத்தில் '17 ஜுவல்ஸ்' என்று இருப்பது இந்தக் கற்களின் எண்ணிக்கைதான். தாத்தா நகைக்கடையில் வாங்கிய கற்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கல் வைத்தாலும் துளைக்குள் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருப்புச் சேறாகும். அதை எடுக்கும் கருவி எப்படி இருக்கவேண்டும்? அழுக்கைவிடக் கடினமாக இருக்கவேண்டும், பாகத்தைவிட மெத்தென்று இருக்கவேண்டும். குண்டூசி முதல் தேர்வில் தேறும், இரண்டாவதில் தோற்கும். கல்லை அது கீறாது என்பது உண்மை. ஆனால் கை வழுக்கினால் பக்கத்துப் பித்தளையைக் கிழித்துவிடும், கல்லின் விளிம்பையும் உடைக்கும். இரண்டு தேர்விலும் தேறுவது மரக்குச்சி.

குச்சி சீவுவது ஒரு கலை

ஐரோப்பியக் கடிகாரத் தச்சர்கள் இதற்கென்றே இழை நெருக்கமான மரங்களைத் தேடிப்பிடித்து மெல்லிய குச்சிகளாக வைத்திருப்பார்கள். நமக்கு வெப்பாலை மரம் இருக்கிறது. சென்னபட்டணத்து மரப்பொம்மைகள் கடைவது இந்த மரத்தில்தான். வெள்ளை நிறம், நெருங்கிய இழை, சீவினால் சிராய் எழும்பாது. நன்றாகக் காய்ந்த குச்சியாக இருக்கவேண்டும். பச்சைக் குச்சியில் பால் வடியும்.

வெப்பாலை கிடைக்காதவர்கள் மூங்கிலைப் பயன்படுத்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. மூங்கிலின் வழவழப்பான மேல்தோலில் சிலிக்கா நிறைய உண்டு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மூங்கிலுப்பு, அந்த மரம் தன் கணுக்களுக்குள் சேர்த்துவைத்த சிலிக்காதான். சிலிக்கா என்றால் என்ன? நம் பழைய எதிரி குவார்ட்ஸின் உறவினர். ஆகவே மேல்தோலை முழுவதும் சீவி எறிந்துவிட்டு உட்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சி வேண்டாம். அது எளிதில் பிளக்கும், நாரை உள்ளேயே விட்டுவரும். தீ பற்றுவதற்காக மெழுகில் தோய்த்தும் இருப்பார்கள்.

பென்சில் நீளத்துக்குக் குச்சியை எடுத்து, ஒரு முனையை நீண்ட கூம்பாகச் சீவுங்கள். பென்சிலைச் சீவுவதுபோல் அவசரப்படக் கூடாது. கத்தியை அசையாமல் பிடித்துக் குச்சியைத் திருப்பித் திருப்பி மெல்லிய சுருள்களாக எடுக்கவேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் முனை ஊசி போலத் தெரியவேண்டும். மறு முனையைத் திருப்புளி போலத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். பற்சக்கரத்தின் பல்லிடுக்குக்கு அது உதவும்.

இனி, கூம்பு முனையைக் கல்லின் துளையில் மெல்ல நுழைத்து விரல்களுக்கிடையே உருட்டுங்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். முனையில் கரும்புள்ளி ஒட்டியிருக்கும். உடனே அந்த முனையைச் சீவித் தள்ளிவிட்டுப் புதிய முனையால் மீண்டும் உருட்டவேண்டும். சோம்பல்பட்டு அதே முனையை நுழைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மெதுவான மரத்தில் மணல் புதைந்து, குச்சியே ஓர் அரம் ஆகிவிடும். முனை வெள்ளையாகவே வெளிவரும் வரை சீவலும் உருட்டலும் தொடரும். ஒரு துளைக்கு ஐந்தாறு முறை சீவ வேண்டியிருந்தால் வியப்பில்லை. எனக்குத் தெரிந்தவரை, இவ்வளவு நுணுக்கமான வேலையை இவ்வளவு மலிவாகச் செய்யும் கருவி வேறொன்றும் இல்லை.

பொங்கல் நெட்டி

துளைக்குக் குச்சி. அச்சின் முனைக்கு? அதற்கு நெட்டி.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் கட்டும் வண்ண நெட்டி மாலை உங்களுக்குத் தெரியும். ஏரி குளங்களில் வளரும் ஒருவகைச் செடியின் தண்டுதான் அது. தஞ்சாவூர்க் கலைஞர்கள் இதைக்கொண்டு பெரிய கோவிலின் உருவத்தையே செய்வார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஐரோப்பாவில் எல்டர் என்ற செடியின் தண்டுச் சோற்றைக் கடிகாரக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். நம் நெட்டி அதே வேலையை நன்றாகவே செய்யும்.

சாயம் ஏற்றாத வெள்ளை நெட்டியை வாங்கி, புதிய பிளேடால் இரண்டு சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். தேன்கூடு போலச் சுவர் சுவராக, உள்ளே காற்று நிறைந்த செல்கள் தெரியும். அச்சின் முனையை நேராக அதில் குத்தி எடுத்தால், மெல்லிய சுவர்கள் முனையைச் சுற்றிலும் வழித்துவிடும். காலியான செல்கள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். முனைக்கு வளைவு நேராது. குத்திய இடத்தில் மறுபடி குத்தாதீர்கள். காரணம் பழைய காரணந்தான். சாமணத்தின் நுனியில் எண்ணெய் பட்டிருந்தால் அதையும் நெட்டியில் இரண்டு குத்துக் குத்தினால் தூய்மையாகிவிடும்.

ஊதுவதற்கு வாய் வேண்டாம்

தூசியைக் கண்டால் 'ஃபூ' என்று ஊதத் தோன்றும். வாயால் ஊதினால் என்ன கெடுதி என்று கேட்பவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அதன்மேல் ஒருமுறை ஊதிப் பாருங்கள். படிந்த பனிதான் விடை. அந்த ஈரம் மயிர்ச்சுருளில் படிந்தால் துருப்பிடிக்கும்.

மூக்குக்கு விடும் சொட்டு மருந்தின் காலியான பிளாஸ்டிக் புட்டி, அல்லது அதுபோன்று அமுக்கினால் மீண்டு வரும் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும். சோப்பு நீரால் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். மூடியில் சூடான ஊசியால் துளையிட்டு, பால்பாயிண்ட் பேனாவின் காலியான ரீஃபிலின் ஒரு துண்டைச் செருகுங்கள். முனையிலுள்ள குண்டை நறுக்கிவிடவேண்டும். உட்புறத்து மையும் முற்றிலும் போயிருக்கவேண்டும். புட்டியை அமுக்கினால் சன்னமான காற்று வரும். இதையும் கண்ணாடியில் ஊதிச் சோதியுங்கள். பனி படியவில்லையானால் உங்கள் ஊதி தயார்.

ஒட்டிக்கொண்ட தூசிக்கு ஓவியம் தீட்டும் 2-ஆம் எண் தூரிகை நல்லது. மயிர் நீளமாக இருந்தால் குழையும். பாதி நீளத்துக்கு நேராக நறுக்குங்கள். ஆனால் மயிர்ச்சுருளைத் தூரிகையாலும் தொடக்கூடாது, விரலாலும் தொடக்கூடாது. ஒரு சுற்று இன்னொரு சுற்றின்மேல் ஏறிவிட்டால் கடிகாரம் விரைந்து ஓடும். அதை நேராக்குவது தேர்ந்தவர்களுக்கே சவால்.

தூரிகை என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இருட்டில் ஒளிரும் எண்களை உடைய மிகப் பழைய கடிகாரம் கையில் கிடைத்தால் திறக்கவேண்டாம், அந்த எண்களைச் சுரண்டவே வேண்டாம். அந்த நாளில் ரேடியம் கலந்த வண்ணத்தால் எண்களை எழுதினார்கள். 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இந்த வேலை செய்த பெண்கள், தூரிகை முனை கூராக வருவதற்காக உதட்டில் வைத்து நனைத்தார்கள். அப்படிச் செய்யவே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. தாடை எலும்பு அரித்து அவர்களில் பலர் இளவயதிலேயே இறந்தனர். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். எண்கள் இப்போது ஒளிரவில்லை என்றால் ஒளிரும் பொருள் மங்கிவிட்டது என்று பொருள். ரேடியம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஊசி ஒன்று, இரண்டு வேலை

துலக்கிய துளைக்கு எண்ணெய் வைக்கவேண்டும். அதற்கு ஒரு தையல் ஊசி போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊசியின் முனையைச் சாராய விளக்குச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிடுங்கள். எஃகின் பதம் இறங்கி மெதுவாகிவிடும். முனையை இரும்புத் துண்டின்மேல் வைத்து மெல்லத் தட்டித் தட்டையாக்கி, நுண்ணிய உப்புத்தாளால் சின்னஞ்சிறு மண்வெட்டி வடிவுக்குக் கொண்டுவாருங்கள். மறு முனையைக் காலி பேனாக் கூட்டில் செருகினால் பிடி கிடைத்துவிடும். தட்டை முனையில் ஒட்டி வருகிற எண்ணெயே ஒரு துளைக்கு உரிய அளவு.

எண்ணெய் அதிகமானால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். கல்லின் குழிவில் சிறு துளி இருந்தால், நுண்புழைக் கவர்ச்சி அதை முனையைச் சுற்றியே பிடித்து வைத்திருக்கும். துளி பெருத்துக் குழியைத் தாண்டி வழிந்தால், தட்டின் பரப்பு முழுத்துளியையும் தன்பக்கம் இழுத்துப் பரப்பிவிடும். முடிவில் முனை உலர்ந்து நிற்கும். தேங்காய் எண்ணெய் அறவே கூடாது. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுப் புட்டியே இதற்குச் சாட்சி.

ஊசியைத் தட்டித் தேய்த்ததில் அது காந்தமாகியிருக்கலாம். காந்தம் ஏறிய கருவி மயிர்ச்சுருளுக்குக் காந்தத்தை ஒட்டிவிடும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சோதிப்பது எளிது. பள்ளி ஆய்வுக்கூடத்துத் திசைகாட்டியின் அருகே ஊசியின் இரு முனைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுபோங்கள். இரண்டு முனையும் வடமுனையை இழுத்தால் அது வெறும் எஃகு. ஒரு முனை விலக்கினால் அது காந்தம். விலக்கமே காந்தத்துக்கு உறுதியான சான்று என்று பாடநூலில் ஒருவரி படித்தீர்களே, அது இங்கே பயன்படுகிறது.

கழுவும் திரவங்களை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசைமேல் ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் விளக்கைத் தொட்டுத் தீயோடு திரும்பி வரும். ஸ்பிரிட்டில் வேறொரு தொல்லை. சமன்சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் சிறு கவையில் இரண்டு கற்கள் உண்டு. அவற்றை ஒட்டியிருப்பது அவலரக்கு, அதாவது நம் காடுகளில் பூச்சி உண்டாக்கும் அதே அரக்கு. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். அழுக்கு போகும், அதோடு கற்களும் போகும்.

இக்காலத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களில் இந்த வேலை மிகக் குறைவு. டாடா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை நாடெங்கும் பரப்பியது. அவற்றில் நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகம்தான் நேரத்தைக் காக்கிறது. தாத்தாவின் கடிகாரத்தைத் தேய்த்த மணலின் பெயரும் குவார்ட்ஸ், பேரனின் கடிகாரத்தை ஓட்டும் படிகத்தின் பெயரும் குவார்ட்ஸ்!

எங்கே பழகுவது? தாத்தாவின் கடிகாரத்தில் அல்ல. கடைவீதியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் ஐ-கிளாஸ் செருகி உட்கார்ந்திருக்கும் கடிகாரக்காரரிடம் செல்லுங்கள். மெயின் ஸ்பிரிங் கழற்றிய, உதவாத பழைய மிஷின் ஒன்று கேளுங்கள். ஸ்பிரிங் இருந்தால் வாங்காதீர்கள். முறுக்கோடு இருக்கும் எஃகுநாடா திடீரென விரிந்தால் கண்ணைக் கெடுக்கும். கூட்டமில்லாத பிற்பகலில் போனால் அண்ணாச்சி ஒரு துளையைத் துலக்கியும் காட்டுவார். அவர் குச்சியைச் சீவும் விதத்தைக் கவனியுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெள்ளைத் தாள் விரித்த மேசையில் வேலை செய்யுங்கள். கழற்றிய பாகங்களைக் கவிழ்த்த கண்ணாடி டம்ளருக்குள் வையுங்கள். குச்சி, நெட்டி, ஊதி, தூரிகை, எண்ணெய் ஊசி ஐந்தையும் மூடியுள்ள பழைய டிபன் டப்பாவில் போட்டுவைக்கலாம். மறுநாள் எடுக்கும்போது முதலில் உருப்பெருக்கியில் பார்க்கவேண்டியது கடிகாரத்தை அல்ல, குச்சியின் முனையை. அதில் கருப்பாக ஏதாவது தெரிந்தால், கத்தியை எடுங்கள்.